சொன்னவர் பேர்

தாமரைக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டாள். அவளிடம் இருக்கிற பெரிய ஆபத்தே அதுதான். கத்துகிறவர்கள் கத்தி முடித்துவிட்டு ஒரு தே குடிக்கப் போய்விடுவார்கள். இவள் அதை உள்ளேயே வைத்து, வேளாவேளைக்குச் சோறு போட்டு வளர்ப்பாள். செல்வராஜு என்கிற மனுஷன் மேல் அவள் வளர்த்துவந்த வஞ்சத்துக்குப் போன மாதத்தோடு பதினோரு வயது முடிந்திருந்தது.

ரிங்லெட்டிலிருந்து பிரிந்து ஏறும் ரோட்டில் எட்டு கிலோமீட்டர் போனால் புக்கிட் காபுட் தோட்டம். அங்கே தொழிலாளர் குடியிருப்பில் மூன்றாவது லைனில், கடைசிக்கு முந்தின வீட்டில்தான் அவள் வளர்ந்தாள். தாமரை பிறந்தபோது அவள் அக்கா புனிதாவுக்குப் பன்னிரண்டு வயது. அப்பா லோரி கவிழ்ந்து போய்ச் சேர்ந்தார். அம்மா அதற்கு இரண்டு வருஷம் கழித்துக் காய்ச்சலில் போனாள். அதற்கப்புறம் தாமரைக்குத் தலை பின்னிவிட்டது, பள்ளிக்கு அனுப்பியது, பரீட்சையில் குறைந்தால் முதுகில் ஒன்று வைத்தது எல்லாம் புனிதாதான். புனிதாவுக்குத் தேயிலை வெட்டுகிற வேலை. பெட்டி மாட்டிய பெரிய கத்தரியைப் பிடித்தால் அந்தத் தோட்டத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கை ஓடும், வாய் அதைவிட வேகமாக ஓடும். அவள் எந்த நிரையில் நிற்கிறாள் என்று தேடவே வேண்டாம், சிரிப்புச் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும்.

தோட்டத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. தேயிலைக் காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒன்றாம் நம்பர் மலை, இரண்டாம் நம்பர் மலை என்று பேர் வைத்திருப்பார்கள். ஒரு மலையில் பூச்சி மருந்து அடித்தால், ஏறுகிற வழியில் சிவப்புத் துணி கட்டிய மூங்கிலை ஊன்றிவிடுவார்கள். எந்த மருந்துக்கு எத்தனை நாள் என்று கணக்கு இருக்கிறது. அத்தனை நாளும் அந்தக் கொடி நிற்கும், யாரும் உள்ளே கால் வைக்கமாட்டார்கள். கொடியை ஊன்றியவன்தான் பிடுங்க வேண்டும். இதெல்லாம் எழுதி ஒட்டிய சட்டம் இல்லை, ஆனால் தோட்டத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை. ஒன்பதாம் நம்பர் மலையில் மருந்து அடித்து இரண்டே நாள். ஏழு நாள் நிற்க வேண்டிய கொடி அன்று காலையில் அங்கே இல்லை. கணக்கெழுதும் கிராணியாக இருந்த செல்வராஜு பெரட்டில், அதாவது காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்தில், "ஒம்பதுக்குப் போங்க, கொழுந்து முத்துது" என்றான். ஐந்து பேர் போனார்கள். முதலில் ஏறியவள் புனிதா. பனியில் நனைந்த செடி முகத்தில் அடித்தது. கண்ணைச் சட்டைக் கையால் துடைத்தாள், அதுவும் நனைந்திருந்தது. பத்து மணிக்குக் கண் எரிகிறது என்றாள். மத்தியானம் மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் இருந்து வந்தபோது இடது கண்ணில் பார்வை இல்லை. வலது கண் ஏதோ ஒப்புக்கு இருந்தது. இருபது படி ஏறினால் உட்கார்ந்து இளைப்பாற வேண்டிய நெஞ்சோடு அவளுக்கு மலைவேலை முடிந்தது.

அப்போது தோட்டத்து மேனேஜராக இருந்த பெரிய துரை பெரட்டிலேயே விசாரித்தார். செல்வராஜு கையைக் கட்டிக்கொண்டு, குரல்கூட மாறாமல் சொன்னான்: "கொடி இருந்துச்சு தொரை. புனிதாதான் பாக்காம ஏறிட்டா." மற்ற நான்கு பேரும் தரையைப் பார்த்தார்கள். புத்தகத்தில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதினார்கள். போகச் சொன்னவன் பேர் எங்கேயும் இல்லை. சொன்னது வாய்வார்த்தை, காற்றோடு போயிற்று.

தாமரை அப்போது கீழே கம்பாரில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தாள். விஷயம் கேட்டு ஓடிவந்தவள், அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வாக்கியத்தை ஒரு வார்த்தை விடாமல் மனப்பாடம் செய்துகொண்டாள். படிப்பை விட்டுவிடுகிறேன் என்றவளைப் புனிதா விடவில்லை. "போயி ஒழுங்கா படிடி. ஒரு கண்ணு போனதுக்கு இன்னொரு கண்ணையும் நீ புடுங்காத," என்றாள். போய்ப் படித்தாள்.

படித்து முடித்துக் கோலாலம்பூரில் மூன்று வருஷம் வேலை பார்த்தாள். அந்த வெயிலும் பிடிக்கவில்லை, அக்காவைத் தனியாக விட்ட உறுத்தலும் போகவில்லை. திரும்பி வந்து தானா ராத்தாவில் சாம்பசிவம் என்பவர் நடத்திய சின்னக் கம்பெனியில் சேர்ந்தாள். ஒரு ரொட்டிக் கடைக்கு மேல் மாடி. மூன்று மேசை, ஒரு ஒழுகும் ஜன்னல். காய்கறித் தோட்டக்காரர்களுக்கும் பூத்தோட்டக்காரர்களுக்கும் புரோகிராம் எழுதித் தருகிற தொழில். புனிதாவும் லைன் வீட்டை விட்டு ரிங்லெட்டில் தங்கையோடு வாடகை வீட்டுக்கு வந்துவிட்டாள்.

போன வருஷம் சாம்பசிவம் ஒரு கோப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "புக்கிட் காபுட்ல பெரட்டுக்குப் புரோகிராம் வேணுமாம். பேர் கூப்பிடறது, யாரு எந்த மலைக்குன்னு பிரிக்கிறது, எல்லாம் திரையில வரணுமாம். உங்க தோட்டம்தானே, நீயே பாத்துக்க."

தோட்டத்தின் சார்பில் இதைக் கவனிக்கிறவர் யார் என்று கோப்பைத் திருப்பிப் பார்த்தாள். சின்னத் துரை, செல்வராஜு. ஆமாம், அந்த ஆள் இதற்குள் மேனேஜருக்கு அடுத்த சின்னத் துரை ஆகிவிட்டிருந்தான். தாமரை கோப்பை மூடி வைத்துவிட்டு, "சரி பாஸ்," என்றாள். உள்ளுக்குள் என்ன கொதித்தது என்பது சாம்பசிவத்துக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கோப்பைப் பிடுங்கிக்கொண்டு ஓடியிருப்பார்.

முதல் கூட்டத்திலேயே செல்வராஜு அவளைக் கண்டுகொண்டான். தொப்பை விழுந்திருந்தது, தலைமயிருக்குச் சாயம் போட்டிருந்தான். "நீ நம்ம புனிதா தங்கச்சிதானே? பரவால்லையே, நல்லா வந்துட்ட. அக்கா கண்ணு இப்ப எப்படி இருக்கு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான். 'நம்ம' புனிதாவாம். "இருக்கு சார்," என்றாள் தாமரை.

இன்னொரு விஷயமும் அன்று தெரிந்தது. செல்வராஜு எப்போதோ ஈப்போவில் ஆறு மாத கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்திருந்தான். அதனால் கோடிங் எல்லாம் தனக்கு அத்துப்படி என்று நினைப்பு. "நானும் ஒரு காலத்துல எழுதினவன்தான். என்னை ஏமாத்த முடியாதுலா. முடிச்சதும் பிரிண்ட் எடுத்துக் கொண்டா, ஒவ்வொரு பக்கமும் பாத்துக் கையெழுத்துப் போடுவேன்," என்றான். தாமரை தலையாட்டினாள்.

அவள் எழுதிய புரோகிராமின் உயிர்நாடி மருந்துதான். ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு கிளாஸ். ஒவ்வொரு கிளாஸின் தலையிலும் அட் குறி போட்டு, 'தடை, ஏழு நாள்' என்பது மாதிரி ஒரு வரி. அந்த வரிக்கு அனோட்டேஷன் என்று பேர். இது கமெண்ட் இல்லை. கமெண்ட் என்பது எழுதுகிறவன் தனக்காக எழுதி வைத்துக்கொள்கிற குறிப்பு. கம்ப்யூட்டர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது, புரோகிராமைக் கட்டும்போதே உதறிப் போட்டுவிடும். அனோட்டேஷன் அப்படியில்லை. புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போதே தன்னைத்தானே திரும்பிப் பார்த்து, 'என் இந்தப் பகுதியின் மேல் என்ன எழுதியிருக்கிறது' என்று கேட்டுப் படித்துக்கொள்ள முடியும். அந்த வித்தைக்கு ரிஃப்ளெக்‌ஷன் என்று பேர். கொழுந்துச் சாக்கின் மேல் சுண்ணாம்பால் எழுதுவது கமெண்ட் என்றால், சாக்கோடு சேர்த்துத் தைத்த சீட்டு அனோட்டேஷன். சாக்கு எங்கே போனாலும் சீட்டும் கூடப் போகும், கேட்கிறவன் எடுத்துப் படிக்கலாம். காலையில் புரோகிராம் எழுந்ததும் எந்த மலையில் என்ன மருந்து அடித்திருக்கிறது என்று பார்க்கும், அந்த மருந்தின் சீட்டைப் படிக்கும், நாள் முடியாத மலையைப் பூட்டிவிடும். மூங்கிலைப் பிடுங்கலாம், இதைப் பிடுங்க முடியாது. இதை எழுதிய நாலு வாரமும் தாமரை சந்தோஷமாக இருந்தாள்.

தோட்டத்துக்குப் புதிதாக வந்திருந்த பெரிய துரை ராதாகிருஷ்ணன் ஒரு நிபந்தனை போட்டார். அவசரத்துக்கு ஏதாவது ஒரு மலைக்குத் தடையைத் தளர்த்த வேண்டி வந்தால், தளர்த்தச் சொன்னவர் யார் என்று பெரட்டுத் திரையில் காட்ட வேண்டும். அதற்காக டேட்டாபேஸில் ஒரு கட்டம் வைத்தார்கள். செல்வராஜு அன்று சாயந்திரமே போன் செய்தான். "அந்தக் கட்டத்த காலியா விடு தாமரை. அப்புறம் பாத்துக்கலாம்."

அடுத்த மாதத்தில் மூன்று போன். நாலாம் நம்பர் மலைக்கு ஏழு நாளை மூன்றாக்கு. பதினொன்றுக்கு இரண்டாக்கு. பதினாலுக்கும் இரண்டாக்கு. எல்லாவற்றுக்கும் தனித்தனியாக விலக்கு எழுதச் சொன்னான்.

"சார், மருந்து டப்பாவுல ஏழு நாள்னு போட்டிருக்கு."

"அவன் அப்படித்தான் போடுவான். நாலு மணி நேரம் வெயில் அடிச்சா எல்லாம் போயிடும். மழையால வேலை பிந்திக் கெடக்கு, எனக்கு சுசாலா, கஷ்டமா இருக்கு."

"ஒரு ஈமெயில் போட்டுடுங்க சார், எழுதிடறேன்."

"எழுத்துல எல்லாம் எதுக்கு? வாயால சொன்னா ஆவாதா?"

தாமரை போனை வைத்தாள். பதினோரு வருஷத்தில் இந்த ஆள் ஒன்றே ஒன்றைத்தான் கற்றுக்கொண்டிருக்கிறான்: எழுத்தில் மாட்டாதே. பெரிய துரையிடம் போய்ச் சொன்னால் என்ன ஆகும்? 'நான் அப்படிச் சொல்லவே இல்ல தொரை, பொண்ணுதான் தப்பா எழுதிட்டா,' என்பான். அக்காவுக்குச் சொன்ன அதே பல்லவியைத் தங்கைக்கும் பாடுவான். அது மட்டும் நடக்கக் கூடாது. அவன் வாயாலேயே, அந்த இடத்திலேயே, அத்தனை பேர் முன்னாலும் மாட்ட வேண்டும்.

உட்கார்ந்து மூன்று விலக்குகளையும் அவன் கேட்டபடியே எழுதினாள். ஒவ்வொன்றின் தலையிலும் 'சொன்னவர்' என்று ஒரு புது அனோட்டேஷன் வைத்தாள். செல்வராஜு, சின்னத் துரை. இன்ன தேதி, இன்ன மணி, போனில். அவன் சொன்ன வார்த்தை, 'வெயில் அடிச்சா எல்லாம் போயிடும்' உட்பட. டேட்டாபேஸ் கட்டத்தை அவன் விருப்பப்படி காலியாகவே விட்டாள். திரைக்குப் பேர் இந்த அனோட்டேஷனிலிருந்து போகும்.

பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனாள். செல்வராஜு மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகத் திருப்பினான். பதினாலாம் நம்பர் விலக்கு இருந்த பக்கத்தில் நின்றான். "என்னா இது, என் பேரு?"

"அனோட்டேஷன் சார்."

"கமெண்ட்தானே? எதுக்குத் தண்டத்துக்கு இவ்ளோ எழுதியிருக்க?" என்று சிரித்தான். "இதெல்லாம் கம்பைல் பண்ணா காணாமப் போயிடும். எனக்குத் தெரியாதா." கம்ப்யூட்டரில் டேட்டாபேஸைத் திறந்து, கட்டம் காலியாக இருக்கிறதா என்று மட்டும் கண்ணை வைத்துப் பார்த்தான். இருந்தது. பேனாவை எடுத்து ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'பார்த்தேன், சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

தாமரை ஒரு வார்த்தை திருத்தவில்லை. கொடியைப் பற்றித் தெரிந்தவர்கள் அன்று வாயைத் திறந்தார்களா? இவள் மட்டும் எதற்குத் திறக்க வேண்டும்? பஸ்ஸில் வரும்போது அவளுக்கே அவள் மேல் கொஞ்சம் பயமாக இருந்தது. ஆனாலும் நன்றாகப் பசித்தது, இறங்கி இரண்டு ரொட்டி சானாய் சாப்பிட்டாள்.

தொடக்க விழா ஒரு வியாழக்கிழமை என்று முடிவாயிற்று. கோலாலம்பூர் தலைமை அலுவலகத்திலிருந்து ஆள் வருகிறார்கள். முந்தின நாள் மத்தியானம், மழை ஜன்னலில் அடிக்க, தாமரை கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். தோட்டத்துக் கணக்குப்படி பதினாலாம் நம்பர் மலையில் செவ்வாய்க்கிழமை மருந்து அடித்திருந்தார்கள். வியாழக்கிழமைக்கு என்று தேதியை மாற்றிப் பெரட்டைத் திறந்தாள்.

பதினாலு திறந்துகொண்டது. இருபது பேரை அதற்குப் பிரித்தும் போட்டுவிட்டது. சொன்னவர் என்கிற இடம் வெறுமையாக இருந்தது.

மறுபடி ஓட்டினாள். வெறுமை. இன்னொரு தடவை. அதே வெறுமை. செல்வராஜு சொன்ன மாதிரியே பேர் காணாமல் போயிருந்தது.

காரணம் கண்டுபிடிக்க அரைமணி நேரம் ஆயிற்று. கண்டதும் தலையில் அடித்துக்கொண்டாள். ஓர் அனோட்டேஷனை உருவாக்கும்போது, அது எதுவரைக்கும் உயிரோடு இருக்க வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும். ரிடென்ஷன் என்று அதற்கு ஒரு வரி. 'ஓடும் நேரம் வரைக்கும்' என்று சொல்லாவிட்டால், அது கட்டிய கோப்பில் கிடக்கும், ஆனால் புரோகிராம் ஓடும்போது ரிஃப்ளெக்‌ஷன் கண்ணுக்குத் தெரியாது. மருந்துக்கான தடையை நிதானமாக எழுதினாள், அதில் அந்த வரி இருந்தது. செல்வராஜுக்கானதை ஆத்திரத்தோடு எழுதினாள், அதில் விட்டுவிட்டாள். கல்லூரியில் முதல் வருஷப் பிள்ளை செய்கிற தப்பு.

வரியைச் சேர்க்க அரை நிமிஷம் போதும். ஆனால் அவளுக்கு வியர்த்துப் போயிருந்தது. இன்றைக்கு ஓட்டிப் பார்க்காமல் விட்டிருந்தால்? நாளைக்கு இருபது பேர் பதினாலாம் நம்பருக்குள் ஏறியிருப்பார்கள். தடையைத் திறந்துவிட்டது செல்வராஜு இல்லை, தாமரை எழுதிய விலக்கு. அவனைப் பிடிக்க வைத்த பொறியில் இருபது பேரின் கண்ணை வைத்திருந்தாள். பேசாமல் மூன்று விலக்கையும் அழித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அப்புறம் 'அக்கா கண்ணு இப்ப எப்படி இருக்கு' என்று அவன் சிரித்தது ஞாபகம் வந்தது. அழிக்கவில்லை. வரியைச் சேர்த்தாள். கூடவே இன்னொன்றும் எழுதினாள்: சொன்னவர் பேரைப் படிக்க முடியாவிட்டால் விலக்கே செல்லாது, மலை பூட்டியே இருக்கும். பேரைப் படித்தாலும், ஆட்களுக்குப் பொறுப்பான மண்டோர் அதை ஏற்று ஒப்புதல் பொத்தானை அழுத்தாமல் ஆளை அனுப்பாது. ஆறு தடவை ஓட்டிப் பார்த்தாள். ஆறு தடவையும் பேர் வந்தது.

சாயந்திரம் வீட்டில் புனிதாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா திட்டுவாள், வேண்டாம் விடு என்பாள் என்று எதிர்பார்த்தாள். புனிதா பயற்றங்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"பேரு பெருசா வருமாடி?"

"எது?"

"தெரையில எழுத்து. எனக்கு இருக்கறது ஒத்தக் கண்ணு. சின்னதா போட்டு வெச்சன்னா எனக்கு எப்படித் தெரியும்?"

தாமரை லேப்டாப்பைத் திறந்து எழுத்தை மூன்று மடங்கு பெரிதாக்கினாள்.

காலை ஆறரைக்குப் பெரட்டில் பனி இன்னும் விலகவில்லை. தகரக் கூரைக்குக் கீழே எண்பது பேர் நின்றார்கள். பாதிக்கு மேல் நேபாளிகள், இந்தோனேசியர்கள், வங்காளதேசத்துக்காரர்கள். மிச்சம் லைனில் இருக்கிற நம்மவர்கள். முன்னால் சுவரில் பெரிய திரை. ராதாகிருஷ்ணன் துரையும் கோலாலம்பூரிலிருந்து வந்த இரண்டு பேரும் நாற்காலியில். செல்வராஜு புதுச் சட்டை போட்டுக்கொண்டு கல்யாண வீட்டுக்காரன் மாதிரி அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தான். புனிதா ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளை அழைத்து வந்ததற்கு யாரும் காரணம் கேட்கவில்லை.

பதினாலாம் நம்பருக்குப் போக வேண்டிய இருபது பேருக்கு மண்டோர் வாசுகி. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒன்பதாம் நம்பருக்குப் போன ஐந்து பேரில் ஒருத்தி. தரையைப் பார்த்த நான்கு பேரில் ஒருத்தி. தாமரை அவளிடமும் அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசியதில்லை.

புரோகிராம் ஓடியது. ஒவ்வொரு கும்பலாகப் பேர் வந்தது, எல்லாரும் கைதட்டினார்கள். பதினாலு வந்தபோது திரை மஞ்சளாக மாறியது. மேலே மலாயில், கீழே தமிழில், பெரிய பெரிய எழுத்தில் நின்றது. வாசுகிக்குப் பழக்கம், பெரட்டில் எழுதிப் போடுவதை ஆட்களுக்காகச் சத்தமாகப் படிப்பாள். படித்தாள்.

"பதினாலாம் நம்பர். மருந்து அடிச்சு ரெண்டு நாள். தடை இன்னும் அஞ்சு நாள். தளர்த்தச் சொன்னவர், செல்வராஜு, சின்னத் துரை. போனில். வெயில் அடிச்சா எல்லாம் போயிடும்."

கடைசி வரி வரைக்கும் வந்தபிறகுதான் என்ன படிக்கிறோம் என்று வாசுகிக்கே புரிந்தது.

செல்வராஜு முகத்தில் ஈயாடவில்லை. "இது... அது கட்டம் காலியாத்தானே இருந்துச்சு," என்று வாய் குழறினான். அப்புறம் சுதாரித்துக்கொண்டான். "தொரை, நான் இப்படிச் சொல்லவே இல்ல. இந்தப் பொண்ணு அதுவா எழுதிடுச்சு."

தாமரை பைக்குள்ளிருந்து அந்தப் பக்கத்தை எடுத்து ராதாகிருஷ்ணன் துரையிடம் நீட்டினாள். செல்வராஜு பேர், தேதி, மணி, வார்த்தை. கீழே 'பார்த்தேன், சரி', கையெழுத்து. துரை படித்தார். நிமிர்ந்து செல்வராஜுவைப் பார்த்தார். "இது உங்க கையெழுத்துதானே?"

செல்வராஜு வறட்டுச் சிரிப்புச் சிரித்தான். "கையெழுத்து சரிதான் தொரை. அதனால என்னா இப்ப? பயப்படறதுக்கு ஒண்ணுமில்ல. மருந்தெல்லாம் காஞ்சு போயிருக்கும். வாசுகி, நீ பட்டன அமுக்கிட்டு ஆள கூட்டிட்டுப் போ."

வாசுகி நகரவில்லை. கத்தரியைக் கீழே வைத்தாள். "சரி சார். சொன்னவரு முன்னாடி நடங்க, நாங்க பின்னாடி வரோம்."

"என்ன?"

"நீங்க செடிக்குள்ள ஒரு நெரை ஏறி எறங்குங்க சார். அப்புறம் நான் பட்டன அமுக்கறேன்."

அத்தனை பேரும் செல்வராஜுவைப் பார்த்தார்கள். பதினாலாம் நம்பர் மலை பெரட்டுக்கு நேர் எதிரே, ரோட்டைத் தாண்டினால் வந்துவிடும். செடிகளில் பனி சொட்டிக்கொண்டிருந்தது. செல்வராஜு தன் புதுச் சட்டையைப் பார்த்தான், செடியைப் பார்த்தான். ஓர் அடி வைத்தான், நின்றுவிட்டான்.

"அங்க எப்படிப் போறது," என்றான், குரல் இறங்கிப்போய். "எல ஈரமா இருக்கு. மருந்து அடிச்சு ரெண்டு நாள்தானே ஆவுது."

ஓரத்து பெஞ்சிலிருந்து புனிதா எழுந்தாள். மூச்சு வாங்கியது, ஆனால் வார்த்தை தெளிவாக வந்தது.

"அன்னிக்கும் ரெண்டு நாள்தான் கிராணி."

ராதாகிருஷ்ணன் துரை திரும்பினார். "என்னைக்கு?"

வாசுகி சொன்னாள். புனிதாவைப் பார்க்காமல், துரையைப் பார்த்துச் சொன்னாள்: "பதினோரு வருசம் முந்தி, ஒம்பதாம் நம்பர்ல. கொடி இருக்கல தொரை. காலையில இவருதான் புடுங்கினாரு. கொழுந்து நெறுவைக் கொட்டகைக்குப் பின்னால போட்டாரு. நான் பாத்தேன், பயந்துகிட்டு வாயத் திறக்கல."

துரை இருபது பேரையும் ஆறாம் நம்பருக்கு அனுப்பச் சொன்னார். செல்வராஜுவை ஆபீசுக்கு வரச் சொன்னார். "அந்தப் பழைய விசாரணைப் புத்தகத்தையும் எடுத்துட்டு வாங்க," என்றார். கோலாலம்பூர்க்காரர்கள் தங்களுக்குள் ஏதோ எழுதிக்கொண்டார்கள்.

போகிற வழியில் செல்வராஜு தாமரையின் மேசைக்குப் பக்கத்தில் ஒரு கணம் நின்றான். "கமெண்ட்டுதானேன்னு அன்னிக்கே கேட்டேன்ல? நீ ஒண்ணும் சொல்லலையே?"

"கமெண்ட்டுன்னு நீங்கதான் சொன்னீங்க சார். நான் சொல்லல."

அவன் போனான். தாமரைக்குப் பாவமாக இருந்ததா என்றால், இல்லை. இனித்தது. பதினோரு வருஷம் நெஞ்சில் அடைத்திருந்தது இறங்கிப்போன மாதிரி இருந்தது. வாசுகி புனிதாவின் பக்கத்தில் வந்து நின்று முந்தானையைப் பிசைந்தாள். புனிதா அவளை உட்காரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. கண்ணைச் சுருக்கித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரை அதற்குள் அடுத்த கும்பலுக்குப் போய்விட்டிருந்தது.

"தாமரை."

"என்னக்கா?"

"அவ படிச்சத காதுலதான் கேட்டேன். நான் முழுசா படிக்கிறதுக்குள்ள மாறிடுச்சு. இன்னொரு தடவ போடு."

தாமரை பதினாலாம் நம்பரை மறுபடி திறந்தாள். புனிதா திரைக்குப் பக்கத்தில் போய் நின்று, விரலை வைத்து, செல்வராஜு என்கிற பேரை எழுத்தெழுத்தாகப் படித்தாள்.